திரிந்த பாலும் தயிரும் ஒன்றல்ல

“பால் திரிந்துவிட்டது, தயிரும் புளிப்புதானே, நோயாளிக்குக் கொடுத்தால் என்ன?” குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. பாலை வீணாக்க மனம் வராத வீடுகளில் இவ்வாறு கேட்பது இயல்பே. கறந்த பாலும் பாக்கெட் பாலும் வெவ்வேறு வழிகளில் கெடுகின்றன. அந்த வேறுபாட்டை அறிந்தால் விடை தெளிவாகும்.

கறந்த பால் புளிப்பது ஏன்?

காய்ச்சாத பாலில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இயல்பாகவே உள்ளன. பாலை வெளியில் வைத்தால் அவை விரைந்து பெருகி, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பாலின் பிஎச் அளவு சுமார் 6.7இலிருந்து 4.6 வரை இறங்கும்போது கேசீன் என்னும் புரதம் உறைந்து, பால் கட்டியாகிறது.

இப்புளிப்பு பல கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் எல்லாக் கிருமிகளையும் அது அழிப்பதில்லை. காய்ச்சாத பால் வழியே புரூசெல்லா, லிஸ்டீரியா, சால்மோனெல்லா, மாட்டுக் காசநோய்க் கிருமி ஆகியவை பரவக்கூடும். பால் புளித்துவிட்டதால் இவை மடிந்துவிட்டன என்று கொள்ள இயலாது.

பாக்கெட் பால் கெடுவது எப்படி?

பாஸ்டரைஸ் செய்யும்போது பாலை 72 பாகை செல்சியஸில் 15 விநாடிகள் சூடாக்குவது பரவலான முறை. இதனால் நோய்க்கிருமிகளோடு, புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவையும் அழிகின்றன. ஆயினும் பேசில்லஸ் வகைக் கிருமிகளின் வித்துகள் அச்சூட்டைத் தாங்கிக்கொள்கின்றன. பின்னர் வந்து சேரும் சூடோமோனாஸ் போன்றவை குளிர்சாதனப் பெட்டியிலும் மெல்ல வளரும். இவை புரதத்தையும் கொழுப்பையும் சிதைப்பதால் கசப்பும் காறலும் துர்நாற்றமும் தோன்றுகின்றன. சில வேளைகளில் புளிப்பே இல்லாமலும் பால் திரிந்துவிடும். ஆகவே, திரிந்த பாக்கெட் பாலைத் தயிருக்கு ஒப்பிடுவது பொருந்தாது.

மீண்டும் கொதிக்க வைத்தால்?

கொதி நிலையில் உயிருள்ள கிருமிகளில் பெரும்பாலானவை மடியும். ஆனால் பேசில்லஸ் சீரியஸ், ஸ்டெபிலோகாக்கஸ் ஆகியவை முன்னரே உமிழ்ந்துவிட்ட சில நச்சுகள் கொதித்தாலும் அழிவதில்லை. உட்கொண்ட சில மணி நேரத்திற்குள் அவை கடும் வாந்தியை உண்டாக்கும். தானே திரிந்த பாலில் இனிப்போ பன்னீரோ செய்வதும் இக்காரணத்தால் தவறு. நல்ல பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிப்பது வேறு.

தயிர் எவ்வாறு வேறுபடுகிறது?

காய்ச்சி ஆறவைத்த நல்ல பாலில் உறை ஊற்றும்போது, நன்மை தரும் பாக்டீரியாக்களைத் தொடக்கத்திலேயே பெருமளவில் சேர்க்கிறோம். அவையே பாலை ஆட்கொள்கின்றன. தானே கெட்ட பாலில் எந்தக் கிருமி முந்தியது என்பதை எவராலும் கூற இயலாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர் ஆகியோருக்குச் சிறு தொற்றும் பேராபத்தாகலாம். எனவே அவர்களைப் பேணுவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

• கறந்த பாலைப் பொங்கும்வரை காய்ச்சிய பின்னரே கொடுங்கள்.
• பாலை 5 பாகை செல்சியஸுக்குக் கீழ், குளிர்சாதனப் பெட்டியின் உட்பகுதியில் வையுங்கள், கதவில் வேண்டாம்.
• தேதி கடந்த, மணம் மாறிய, தானே திரிந்த பாலைச் சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.
• எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்திருக்கும் காலத்தில் வீட்டுத் தயிர் கொடுக்கலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

பால் அருந்தியபின் தொடர் வாந்தியோ, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோ, காய்ச்சலோ கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சலுடன் மூட்டுவலியும் இரவு வியர்வையும் இருந்தால், காய்ச்சாத பால் அருந்திய செய்தியை மறவாமல் எங்களிடம் தெரிவியுங்கள். நோயை விரைந்து கண்டறிய அது எங்களுக்குப் பெரிதும் உதவும்.