கல்லாவிலிருந்து கடல் வரை



காலை 6 மணிக்குக் கடை திறக்கிறோம். இரவு 9 மணிக்கு அடைக்கிறோம். இடைப்பட்ட 15 மணி நேரத்தில் கல்லாவை விட்டு எழுந்து நாம் நடக்கும் தூரம் எவ்வளவு? சரக்கின் எடையைக் கிராம் சுத்தமாக அளக்கும் நாம், நம் உடம்பின் கணக்கை மட்டும் ஆண்டுக் கடைசியில்கூட எடுத்துப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கு நம் வீட்டில் எப்படித் திறக்கப்பட்டது என்பதை எழுதுகிறோம். வீட்டுப் பெருமை பேசுவதற்காக அல்ல. நம் போன்ற கடைக்காரர் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும் என்பதால்தான்.

குன்னூரில் நமக்கு மொத்த மளிகை வியாபாரம். நமக்கு முன் இதே கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் நம் அண்ணன். சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்து, அதன்பின் 4 ஆண்டுகள்தான் இருந்தார். அடுத்து உட்கார வேண்டியவன் நம் மகன். அவனுக்கு 34 வயது நடக்கும்போது ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 என்று வந்தது. "நோய் இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் நிற்கிறது. உட்கார வைப்பதா, அனுப்பி வைப்பதா என்பது உங்கள் கையில்" என்றார் மருத்துவர். இந்த நிலையில் நம் நாட்டில் 13 கோடிக்கும் மேற்பட்டோர் இருப்பதாகவும், 10 கோடிப் பேருக்கு நோயே வந்துவிட்டதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது.

மகன் முதலில் நடந்தான், பிறகு ஓடினான், பிறகு கியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினான். ஓராண்டு கழித்து, "அப்பா, டிரையத்லான் போட்டியில் கலந்துகொள்ளப் போகிறேன்" என்றான். நமக்குக் கோபம் வந்தது. விடியற்காலை 5 மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து சரக்கு லாரி வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஓடப் போகிறேன் என்றால் சரக்கை இறக்கி எண்ணுவது யார்?

அது என்ன போட்டி?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளியில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதுதான் டிரையத்லான். ஒலிம்பிக்கில் இது 2000ஆம் ஆண்டு சிட்னியில் சேர்க்கப்பட்டது. அங்கே ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இதைவிட நீண்டது 'அயர்ன்மேன்': 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். இதில் சரிபாதித் தூரமுள்ள போட்டி 2019ஆம் ஆண்டு முதன்முதலாகக் கோவாவில் நடந்தது. நம் ராணுவத்தைச் சேர்ந்த பிஷ்வர்ஜித் சாய்கோம் அதில் வென்றார். ஆனால் கலந்துகொள்வோரில் பெரும்பாலோர் வேலை, தொழில், குடும்பம் என்று இருப்பவர்களே. அவர்களுக்கு எட்டரை மணி நேரத்துக்குள் முடிப்பதே வெற்றி.

அயர்ன்மேன் தொடங்கிய கதையில் மளிகைக்காரருக்கு ஒரு பாடம் உண்டு. 1978 பிப்ரவரியில் ஹவாயில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். வென்றவர் கார்டன் ஹாலர். ஓட்டத்தின்போது முன்னணியில் இருந்த ஜான் டன்பார் இரண்டாம் இடத்துக்குப் போனார். அவருக்கு உதவ வந்தவர்களிடம் வழியில் தண்ணீர் தீர்ந்துபோய், பதிலுக்குப் பீரைக் கொடுத்தார்களாம்! இருப்புத் தீர்ந்தால் கெட்டிக்காரனும் தோற்பான் என்பது நமக்குத் தெரியாததா?

மலை கொடுத்ததும் கொடுக்காததும்

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். 1968இல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ அதே உயரம்தான். இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் குறைவு. அந்த ஒலிம்பிக்கில் சமவெளி நாட்டு நெடுந்தூர ஓட்டக்காரர்கள் திணறினார்கள்; மேட்டு நிலத்தில் பிறந்து வளர்ந்த கென்யா, எத்தியோப்பியா வீரர்கள் தங்கம் வென்றார்கள். உயரத்தில் வாழும் உடம்பு, குறைந்த காற்றை ஈடுகட்ட ரத்தச் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும். இந்த மூலதனம் நீலகிரியில் இருக்கும் நமக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது.

சைக்கிள் ஏற்றத்துக்கும் குறைவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,500 மீட்டர் ஏற்றம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறினால் 36 வளைவுகள். 2008இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரீஸ்' சைக்கிள் பயணத்தில் வருவோர் கல்லட்டியின் பெயரைக் கேட்டாலே தொடையைத் தடவிக்கொள்வார்கள்.

மலை கொடுக்காதவை இரண்டு. ஒன்று நீச்சல். ஊட்டி ஏரி படகுக்குத்தான், நீந்துவதற்கு அல்ல. நம் மகன் 35 வயதில், கோவையில் ஒரு குளத்தில், பள்ளிப் பிள்ளைகளுடன் சேர்ந்து கையைக் காலை அடித்துக் கற்றுக்கொண்டான். மற்றொன்று வெயில். 15 டிகிரிக் குளிரில் பழகிய உடம்பு கடற்கரைப் புழுக்கத்தில் தடுமாறும். வெயில் உடம்புக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும். அதற்காகப் போட்டிக்கு முந்திய இரண்டு வாரமும் மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் பயிற்சி செய்தான்.

என்னென்ன வேண்டும்?

நீச்சல் கண்ணாடி, தலைக்கவசம், நல்ல ஓட்டக் காலணி, மூன்றுக்கும் பொதுவான ஓர் உடை, கியர் சைக்கிள் ஆகியவை போதும். சைக்கிள் விலை சில பத்தாயிரத்தில் தொடங்கிப் பல லட்சம் வரை போகிறது. நாம் ஒரே ஒரு நிபந்தனை போட்டோம்: கடை முதலில் கை வைக்கக் கூடாது. அவன் தன் சம்பளத்திலிருந்து சேர்த்து, ஒருவர் ஓட்டிய சைக்கிளையே வாங்கினான். வெளிநாட்டவர் அணியும் ரப்பர் நீச்சல் உடைக்கு நம் பக்கத்தில் வேலை இல்லை. தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருந்தால் அயர்ன்மேன் விதிப்படி அதை அணிந்துகொண்டு பரிசுக்குப் போட்டியிட முடியாது.

சைக்கிளிலும் மலைப்பாதையில் ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறும், டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். இதை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நமக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரி ஓட்டுநர்தான்.

தீனி நம் கடையிலேயே இருக்கிறது

பல மணி நேரம் உழைக்கும் உடம்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும் என்கிறார்கள். இதற்கென்று வெளிநாட்டுப் பசைப் பொட்டலம் விற்கிறது. ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 25 கிராம். ஒரு நடுத்தர வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பேரீச்சை, கடலை மிட்டாய், வெல்லம் எல்லாம் நம் தட்டுகளில் இருப்பவைதானே! வியர்வையில் போகும் உப்பையும் ஈடுகட்ட வேண்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டும் தலைதட்டிய அளவு. இந்தக் கரைசல் வீட்டிலேயே தயாராகும்.

சில்லறைக் கடைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. மலையேறி வரும் சைக்கிள்காரர் தம்முடைய குப்பியைத்தான் நீட்டுவார். கடை வாசலில் நல்ல குடிநீரும், ஒரு சீப்பு வாழைப்பழமும், கொஞ்சம் கடலை மிட்டாயும் வைத்திருப்பவரை அவர் மறக்க மாட்டார். அடுத்த வாரம் பத்துப் பேரை அழைத்து வருவார்.

கோவாவில் இரண்டு காலைகள்

2022 நவம்பரில் மகனுடன் நாமும் கோவையிலிருந்து ரயிலேறினோம். மிராமர் கடற்கரை. 1.9 கிலோமீட்டர் நீச்சல். ஒரு மணி 10 நிமிடத்துக்குள் கரையேற வேண்டும். குளத்தின் அடியில் கோடு தெரியும். கடலில் ஒன்றும் தெரியாது. சற்றைக்கொருமுறை தலையைத் தூக்கித் திசை பார்க்க வேண்டும். அவன் திசை தவறி வளைந்து வளைந்து நீந்தினான். கரைக்கு வந்தபோது ஒரு மணி 14 நிமிடம். கணுக்காலில் கட்டியிருந்த நேரம் குறிக்கும் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மலையில் ஏறிப் பழகிய அந்தச் சைக்கிள் தொடப்படாமலே நின்றது.

மணலில் உட்கார்ந்திருந்தவனிடம் நாம் சொன்ன சொல், "இதற்குத்தானா இத்தனை செலவு?" என்பது. அவன் பதில் பேசவில்லை. ஊர் திரும்பும்வரை பேசவில்லை. திரும்பிய மறுநாள் விடியற்காலை, பயிற்சிக்குப் போகாமல் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, அண்ணன் உட்கார்ந்த அதே இடத்தில் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் முதல் ஏற்பாட்டை மாற்றினோம். வாரத்தில் மூன்று நாள் லாரிச் சரக்கை நாம் எண்ணி இறக்குவது. மற்ற நாட்கள் அவன். ஞாயிறுதோறும் நாமும் கோவைக்குச் சென்று குளக்கரையில் நேரம் குறிப்பது. "பெரிய முதலாளி மறுபடி மூட்டை எண்ண வந்துட்டாரு" என்று சுமை தூக்குவோர் சிரித்தார்கள். இருக்கட்டும், அந்த நடையில் நம் ரத்த அழுத்தமும் சற்று இறங்கியது.

2023 அக்டோபரில் மீண்டும் மிராமர். நீச்சல் ஒரு மணி 3 நிமிடம். உடை, காலணி, தலைக்கவசம் எல்லாவற்றையும் எடுக்கும் வரிசையில் அடுக்கி வைத்திருந்தான்; மாற்றிக்கொள்ளும் நேரமும் கணக்கில் சேரும். 90 கிலோமீட்டர் சைக்கிளில் நம் மலை அவனைக் கைவிடவில்லை. ஆனால் சைக்கிளை விட்டு இறங்கியவுடன் கால்கள் கருங்கல்லாகும். 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தின் பின்பாதியில் அவன் நடப்பதையும், ஓடுவதையும், நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதையும் கண்டோம். 8 மணி 11 நிமிடத்தில் முடித்தான். எல்லையில் 19 நிமிடம் மிச்சம். "அப்பா, லாரி வந்ததா?" என்பதுதான் அவன் முதலில் கேட்டது.

இறுதியாகச் சில சொற்கள்

இப்போது அவன் சர்க்கரை 5.6. இது ஒரு பதக்கத்தால் வந்ததல்ல. இரண்டு ஆண்டு விடியற்காலைகளால் வந்தது.

எல்லோரும் கடலில் குதியுங்கள் என்று சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் போட்டிகளில் நேர்ந்த 14 மரணங்களில் 13 நீச்சலின்போது நேர்ந்தவை என்கிறது. 40 வயதைத் தாண்டியவர்கள் இதயப் பரிசோதனை செய்யாமல் கடும் பயிற்சியில் இறங்கக் கூடாது. யாரும் தனியே நீந்தக் கூடாது. அதே சமயம் வயதைச் சாக்காகவும் சொல்லக் கூடாது. ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா 70 வயதையொட்டி இந்தப் போட்டிகளுக்கு வந்தவர். 2018இல் 85 வயதில் ஹவாயில் முழு அயர்ன்மேனை முடித்தார்.

அன்பர்களே, கடையில் அடுத்த தலைமுறை உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அவர்கள் நெடுநாள் நலமாக உட்கார வேண்டுமானால், தினமும் ஒரு மணி நேரம் அவர்களை எழுந்துபோக விடுங்கள். அந்த ஒரு மணி நேரம் கல்லாவை நாம் பார்த்துக்கொள்வோம். அதில் நஷ்டம் வந்ததாக நம் பேரேட்டில் இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை.