முறுக்கிய கோபுரம் சொல்லும் பாடம்

பழைய தேவாலயங்களின் உச்சியில் எழும் ஊசிக்கோபுரங்கள் விண்ணை நோக்கி நீட்டிய விரல்களைப் போன்றவை. வழிநடப்போர் தொலைவிலிருந்தே ஊரை அடையாளம் கண்டுகொள்ள அவை உதவின. சென்னைச் சாந்தோம் பேராலயத்தைக் கண்டவர்க்கு அதன் வெண்ணிறக் கூர்ங்கோபுரம் நினைவில் நிற்கும். அம்பு போல் நேராக நிற்பதே கோபுரத்துக்கு அழகு என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், நேராக நில்லாததாலேயே புகழ் பெற்ற கோபுரமும் ஒன்று உண்டு.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் மாவட்டத்தில் செஸ்டர்ஃபீல்டு என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள புனித மரியாள், அனைத்துப் புனிதர் ஆலயத்தின் கோபுரமே அது. 14ஆம் நூற்றாண்டில், அந்நாடு கத்தோலிக்க நாடாக விளங்கிய காலத்தில் இது எழுந்தது. இன்று ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தது. தரையிலிருந்து இதன் உயரம் 228 அடி. பிழிந்த துணி போல் 45 பாகை முறுக்கிக்கொண்டு, நுனி நடுவிலிருந்து 9 அடிக்கு மேல் விலகி நிற்கிறது!

இதற்கு அவ்வூரார் சொல்லும் கதை சுவையானது. ஒருநாள் சாத்தான் கோபுர உச்சியில் வாலைச் சுற்றிக்கொண்டு இளைப்பாறினானாம். ஆலயத்திலிருந்து எழுந்த சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறவே, பெருந்தும்மல் ஒன்று போட்டானாம். சுற்றிய வாலோடு கோபுரமும் முறுக்கிக்கொண்டதாம்!

கதை கிடக்கட்டும், உண்மைக் காரணம் யாது? கோபுரத்தின் உள்ளுடல் ஓக் மரச் சட்டங்களால் ஆனது. உலர்ந்த ஓக் மரத்தை அறுப்பதும் செதுக்குவதும் கடினம். ஆகவே, அக்காலத் தச்சர்கள் ஈரம் காயாத பச்சை மரத்தையே பயன்படுத்தினர். பச்சை மரம் காயும்போது சுருங்கும், வளையும், முறுக்கும். இதைத் தடுக்கக் குறுக்குச் சட்டங்கள் போதிய அளவில் வேண்டும். இங்கே அவை போதவில்லை. 1348இல் இங்கிலாந்தில் பரவிய கொள்ளை நோயில் கைதேர்ந்த தச்சர் பலர் மாண்டதே இக்குறைக்குக் காரணம் என்பாரும் உளர்.

மரச்சட்டங்களின்மேல் ஏறத்தாழ 33 டன் ஈயத் தகடு போர்த்தப்பட்டுள்ளது. தெற்குப் பக்கத்தில் வெயில் மிகுதியாகப் படும். ஈயம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் விரிந்து விரிந்து, நூற்றாண்டுகளில் கோபுரம் மேலும் திருகிற்று என்பர். தகடுகள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் முறுக்கு இன்னும் மிகையாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் அது ஏன் விழவில்லை? கூம்பு வடிவப் பொருளின் எடை பெரும்பாலும் அடிப்பகுதியிலேயே அமைந்திருக்கும். நுனி விலகினாலும் எடையின் மையம் அடித்தளத்தைத் தாண்டவில்லை. ஆதலால் கோபுரம் நிலைபெற்று நிற்கிறது.

கல்லால் கட்டிய கோபுரங்களுக்கும் இடர் உண்டு. அதே நாட்டில், சால்ஸ்பரி பேராலயத்தின் கோபுரம் 404 அடி உயரம். ஆலயத்தைக் கட்டி முடித்துப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே கோபுரத்தை எழுப்பினர். 6,000 டன்னுக்கும் மேற்பட்ட அந்தச் சுமையைத் தாங்கவென்று கீழே உள்ள நான்கு தூண்கள் அமைக்கப்படவில்லை. அஸ்திவாரமோ சில அடி ஆழமே. தூண்கள் வளைந்தன. 1668இல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டஃபர் ரென் ஆராய்ந்து பார்த்து, நுனி இரண்டடிக்கு மேல் சாய்ந்திருப்பதைக் கண்டார். இரும்புப் பட்டைகளால் இறுக்கவும் ஏற்பாடு செய்தார். கட்டும்போது உள்ளே எழுப்பிய மரச்சாரம் இன்றும் அகற்றப்படாமல் கோபுரத்துக்குள்ளேயே நிற்கிறது.

முறுக்கிய கோபுரமும் ஒருமுறை அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1961 டிசம்பரில் ஆலயத்தில் தீப்பற்றி, வடபக்கச் சிறகு எரிந்து பழைய இசைப்பேழையும் அழிந்தது. கோபுரத்தைத் தொடுமுன் தீயை அணைத்துவிட்டனர். பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்துக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. 2019 ஏப்ரல் 15 அன்று அதன் ஊசிக்கோபுரம் உலகோர் கண்முன்னே எரிந்து சரிந்தது. அதையும் மக்கள் கைவிடவில்லை. மீண்டும் ஓக் மரத்தாலேயே எழுப்பினர். 2024 டிசம்பரில் ஆலயம் திறக்கப்பட்டது.

செஸ்டர்ஃபீல்டு மக்களும், கோணிப்போன கோபுரத்தை இடித்து நேராகக் கட்டியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. பழுதைப் பார்த்துப் பார்த்துச் செப்பனிட்டு, 600 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வருகின்றனர். அவ்வூர்க் கால்பந்துக் குழுவினர் கோபுரத்தின் பெயராலேயே "ஸ்பையரைட்ஸ்" என்று பெருமையுடன் அழைக்கப்படுகின்றனர்.

தோழியரே! வகுப்பில் பின்தங்கியவளையோ, நடையில் குறையுள்ளவளையோ, பேச்சில் திக்குபவளையோ "இவள் எதற்கும் உதவாள்" என்று தள்ளிவிடுவது எளிது. எந்தப் பக்கம் வெயில் சுட்டது, எங்கே குறுக்குச் சட்டம் கிடைக்காமல் போயிற்று என்று கேட்டறிந்து துணை நிற்பதே அரிது. கோபுரத்துக்கு ஊரார் காட்டிய பொறுமையை, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவளுக்கு நாம் காட்டலாகாதா?