சாரலுக்கு வெளியே போகாத நாய்

வளர்ந்த தெருநாயை வீட்டுக்குள் சேர்ப்பவருக்கு முதல் சண்டை நாயோடு வருவதில்லை, வீட்டாரோடுதான் வரும். "குட்டின்னா பழக்கிரலாம். இது வளந்த நாய்லா, இனிமே எங்க படியப் போவுது?"

வெளியே போய்க் கழிக்கப் பழக்குவதில் உண்மை இதற்கு நேர்மாறு. குட்டிக்குச் சிறுநீரை நெடுநேரம் அடக்கும் சக்தி இராது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரிய நாய் ஆறு முதல் எட்டு மணி நேரம் தாங்கும். படுக்கிற இடத்தை அசுத்தப்படுத்தாத குணமும் பெரும்பாலான தெருநாய்களுக்கு ஏற்கெனவே உண்டு. முன்வாசல் தொடங்கிப் புறவாசல் வரை மொத்த வீடும் படுக்கிற இடம்தான் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. மண்ணில் கழித்த நாய் மண்ணைத் தேடும். கூண்டுக்குள் சிமெண்ட் தரையில் கிடந்த நாய் சிமெண்டைத் தேடும். பழைய இருப்பிடத்தை விசாரித்துக்கொண்டு வந்தால் பாதி வேலை குறையும்.

தென்காசி, குற்றாலம் பக்கம் சிக்கலே வேறு. ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய்க் காற்றோடு சாரலும் வந்துவிடுகிறது. ஐந்தருவியில் தண்ணீர் விழுந்தால் ஊருக்குக் கொண்டாட்டம், நாய்க்கு அப்படியில்லை. நனைந்த தரையில் கால் வைக்கவே பல நாய்களுக்குப் பிடிக்காது. கதவைத் திறந்துவிட்டால் படியில் நின்று மோந்துவிட்டுத் திரும்பி, நேரே அங்கணத்துக்குப் போகும். அதன் கணக்கில் அது நியாயமான இடம்தான்: எப்போதும் ஈரம், வாடை, தண்ணீர் போக ஒரு துவாரம். குற்றாலத்தில் குரங்குகள் வேறு. கூரையில் ஒன்று தென்பட்டால் குரைக்கிற மும்முரத்தில் வந்த காரியம் மறந்துபோகும். உள்ளே வந்ததும் ஞாபகம் வரும்.

ஆகவே நாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினால் போதாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாமும் நிற்க வேண்டும், குடையோடு. புறவாசலில் ஒரு மூலைக்குத் தகரம் போட்டு, அடியில் மணல் கொட்டிவைத்தால் சாரல் காலம் முழுக்க உதவும். காலை எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி முதல் அரை மணிக்குள், பகல் தூக்கம் கலைந்ததும், இரவு படுக்குமுன் என்று தினமும் அதே இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். சோற்றுத் தட்டை நாள் முழுக்க வைக்காமல் நேரம் பார்த்து வைத்தால், வெளியே போகும் நேரமும் தானாகப் பிடிபடும். கழித்து முடித்த அந்த நிமிஷமே, அங்கேயே ஒரு துண்டு அவித்த கோழி. உள்ளே வந்தபின் கொடுத்தால் படியேறி வந்ததற்குக் கிடைத்த கூலி என்றே நினைத்துக்கொள்ளும். பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் பழகிவிடும்.

மூக்கைத் தரையில் தேய்த்துத் தண்டிக்கும் வழக்கம் நம்மூரில் இன்னும் போகவில்லை. அதில் நாய் கற்பது ஒன்றுதான்: மனிதர் கண்ணெதிரே போகக் கூடாது. அப்புறம் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும். பினாயிலும் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நாய்க்குப் பழைய வாடை அப்படியே தெரியும். நொதி கலந்த துப்புரவுத் திரவம் வாங்கித் துடைப்பதே சரி.

காலைத் தூக்கிச் சுவரோரம் சொட்டுச் சொட்டாக விடுவது வேறு ரகம். அது எல்லை போடுவது. காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய் என்று பொருள். இல்லையென்றால் அறுவை சிகிச்சை செய்துவிடலாம். பல ஆண் நாய்களிடம் இந்தப் பழக்கம் குறையும், எல்லாவற்றிடமும் அல்ல.

தெருநாய்களைத் தத்தெடுக்கலாம், ஆனால் எடுத்தவர் மறுபடி தெருவுக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று டெல்லி வழக்கில் சொன்னது. சட்டம் கிடக்கட்டும், "வீட்டை நாசம் பண்ணுது" என்று பத்தே நாளில் கொண்டுபோய் விடுகிறவர்கள், அந்தப் பத்து நாளும் நாயோடு வெளியே போய் நின்றார்களா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

மழைக்காலத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும், ஈர மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறுங்கையால் துடைக்காதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசியோடு இதற்கான ஊசியையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடலாம். நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் கழித்தாலும் அவரிடம்தான் போக வேண்டும். சிறுநீர்த் தொற்றாகவோ சர்க்கரை நோயாகவோ இருக்கலாம். கருத்தடை செய்த பெட்டை நாய் தூக்கத்தில் படுக்கையை நனைத்தால் திட்டிப் பயனில்லை. அதற்குத் தெரியாமலே ஒழுகுகிறது. மருந்து இருக்கிறது.