பெட்டியைக் கட்ட வேண்டியது யார்?

ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை என்று குழந்தைநலப் பணியாளர் முடிவு செய்துவிட்டால், கனடாவில் பெரும்பாலும் நடப்பது இதுதான். நாலைந்து துணிமணி, ஒரு போர்வை, கைக்கு அகப்பட்ட பொம்மை எல்லாம் ஒரு கறுப்புக் குப்பைப் பைக்குள் போகும். பிள்ளை காரின் பின் இருக்கையில் ஏறும். தாய் தகப்பன் வீட்டிலேயே இருப்பார்கள். ஒரு தவறும் செய்யாத பிள்ளை, முன்பின் தெரியாத வீட்டில் மறுநாள் கண் விழிக்கும். மனிடோபா மாகாணத்தின் வடக்கே, நெல்சன் ஹவுஸில் வாழும் நிசிச்சவயாசிக் க்ரீ என்ற பூர்வகுடி மக்கள் 2002-இல் இந்த வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். பிள்ளை தன் வீட்டில், தன் கட்டிலிலேயே இருக்கட்டும்; வெளியேற வேண்டியவர் பெற்றோர் என்றார்கள். பாட்டியோ சித்தியோ அல்லது ஊரின் சேவை மையப் பணியாளரோ அந்த வீட்டுக்கு வந்து தங்குவார். பெற்றோர் வேறிடத்தில் இருந்துகொண்டு குடிநோய் சிகிச்சையோ மனநல ஆலோசனையோ பெற்று, தேறியதும் திரும்பி வருவார்கள். பிள்ளை அதே பள்ளிக்குப் போகும், அதே நண்பர்களோடு விளையாடும்.

கேட்பதற்கு இது நல்ல மனம் சார்ந்த விஷயம் போலத் தோன்றும். நான் இதை நிர்வாகம் சார்ந்த விஷயமாகவே பார்க்கிறேன். பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட அந்த நிலத்தில் வீடுகள் ஊர்ச் சபையின் உடைமை. அதனால்தான் வீட்டை விட்டு யார் வெளியேறுவது என்று சொல்லும் அதிகாரம் சபைக்கு இருந்தது. வந்து தங்குகிறவருக்குப் படி கொடுக்கப் பணமும், நள்ளிரவில் அழைத்தால் வருவதற்கு உள்ளூரிலேயே ஆளும் வேண்டியிருந்தது. வீடு, பணம், ஆள் ஆகிய மூன்றும் ஊரின் கையில் இருந்தால்தான் பிள்ளை வீட்டில் இருக்க முடியும். பூர்வகுடிச் சமூகத்தில் குழந்தைநலப் பணியை யார் நடத்துகிறார்கள் என்பது அலுவலகப் பலகையில் எழுதியிருக்கும் பெயரைப் பொறுத்ததல்ல. பிள்ளையைப் பிரிப்பதற்கு முன்பாகவே பணத்தைச் செலவழிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கனடாவில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 சதவீதம். வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளில் அவர்களே 53.8 சதவீதம். பூர்வகுடிப் பெற்றோர் பிள்ளைகளை அடிக்கிறார்கள் என்பதல்ல இதன் காரணம். கனடாவின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, இந்தக் குடும்பங்கள் மீதான புகார்களில் முன்னிற்பது 'கவனிப்பின்மை' என்பதையே. அதன் பின்னால் இருப்பவை வறுமை, நெரிசலான வீடு, போதை. அந்தப் போதைக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கடைசிப் பள்ளி 1990-களில்தான் மூடப்பட்டது. 1950-களிலிருந்து 1980-கள் வரை மேலும் பல்லாயிரம் பேர் வேற்றினக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். தாய்மடி அறியாமல் வளர்ந்தவர்களிடம், 'ஏன் உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை' என்று கேட்டு, அவர்கள் பிள்ளையையும் எடுத்துக்கொள்வது எந்த நியாயத்தில் சேரும்?

வறுமைதான் நோய் என்றால் மருந்துக்கும் அங்கேதான் செலவு செய்திருக்க வேண்டும். நடந்தது வேறு. ஒதுக்கப்பட்ட நிலங்களில் இந்தச் சேவைக்குப் பணம் தருவது கூட்டாட்சி அரசு. 1990-களின் தொடக்கத்திலிருந்து ஒன்டாரியோ நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில் அது கையாண்ட விதியின் பெயர் 'உத்தரவு 20-1'. அந்த விதி, எந்த ஊரானாலும் 6 சதவீதப் பிள்ளைகள் பிரிக்கப்பட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு தொகையைக் கணக்கிட்டது. குடும்பத்தைத் தாங்கும் தடுப்புப் பணிக்குக் குறுகிய ஒதுக்கீடு. பிள்ளையைப் பிரித்துவிட்டாலோ பராமரிப்புச் செலவு முழுவதும் திரும்பக் கிடைத்தது. உடைந்த கணப்பைச் சரிசெய்யவோ வாரத்துக்கு இரண்டு நாள் தாய்க்கு உதவ ஆள் வைக்கவோ நிர்வாகியிடம் காசு இருக்கவில்லை. அதே பிள்ளையை நூறு மைல் தள்ளி அந்நியர் வீட்டில் வைக்க மாதந்தோறும் காசு வந்தது. எவ்வளவு நல்ல நிர்வாகியையும் இந்தக் கணக்கு ஒரே திசையில்தான் தள்ளியது.

பணம் தருவது யார் என்ற தகராறின் விலையையும் பிள்ளைகளே கொடுத்தார்கள். மனிடோபாவின் நார்வே ஹவுஸ் க்ரீ சமூகத்தின் ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் 1999-இல் பல மருத்துவச் சிக்கல்களோடு பிறந்தான். இரண்டு வயதில், மருத்துவமனையை விட்டு ஒரு குடும்ப வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். வீட்டுப் பராமரிப்புச் செலவு கூட்டாட்சி அரசுடையதா, மாகாணத்துடையதா என்ற வாக்குவாதம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. ஒரு நாள்கூட வீட்டில் உறங்காமல் 2005-இல், ஐந்து வயதில், அவன் இறந்தான். முதலில் சிகிச்சை, பிறகு கணக்குத் தீர்ப்பு என்ற ஜோர்டன் கோட்பாட்டை நாடாளுமன்றம் 2007-இல் ஏற்றது. அதே ஆண்டு, பூர்வகுடிப் பிள்ளைகளுக்காகப் போராடும் சிண்டி பிளாக்ஸ்டாக் தலைமையிலான அமைப்பும் பூர்வகுடிச் சபைகளின் பேரவையும் கூட்டாட்சி அரசின் மீது மனித உரிமைப் புகார் கொடுத்தன. குறைவான நிதியும், பிள்ளையைப் பிரிக்கத் தூண்டும் நிதிமுறையும் இனப் பாகுபாடே என்று 2016 ஜனவரியில் கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. 2023-இல் நீதிமன்றம் ஒப்புதல் தந்த இழப்பீடு 2,300 கோடி டாலருக்கும் மேல்.

நிர்வாகத்தைப் பூர்வகுடிகளிடமே கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். மனிடோபா அதைச் செய்து பார்த்தது. 2003-இல் புதிய சட்டத்தின்கீழ் சேவைகள் பூர்வகுடி அதிகார அமைப்புகளுக்கு மாற்றப்பட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிரிக்கப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை, 10,000-ஐத் தாண்டியது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் பூர்வகுடிகள். பலர் இதை 'அவர்களாலும் முடியவில்லை' என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. சட்டம் மாகாணத்துடையது, நிதிமுறை பழையது. நாற்காலியில் உட்கார்ந்தவர் மட்டுமே மாறினார். அதே மாகாணத்தில் ஒன்பது சமூகங்களுக்குச் சேவை செய்த வெஸ்ட் ரீஜன் அமைப்புக்கு 1992 முதல் பராமரிப்புத் தொகை மொத்தமாகக் கொடுக்கப்பட்டது. பிள்ளையைப் பிரிக்காமல் மிச்சம் பிடித்த பணத்தைக் குடும்பங்களுக்கே செலவிட அதற்கு உரிமை இருந்தது. குடும்பங்களைத் தாங்கும் பல திட்டங்கள் அந்தப் பணத்தில்தான் உருவாயின.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. குடும்பத்தைக் காக்கிறோம் என்று சொல்லிப் பிள்ளையைப் பலி கொடுத்துவிட்டால் என்ன செய்வது? அந்த அச்சத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஃபீனிக்ஸ் சின்க்ளேர் என்ற ஐந்து வயதுச் சிறுமி 2005-இல் மனிடோபாவில் தாயாலும் தாயின் துணைவனாலும் கொல்லப்பட்டாள். ஒன்பது மாதம் வெளியே தெரியவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் வீட்டுக்குப் போன பணியாளர்கள் அவளைக் கண்ணால் பார்க்காமலேயே கோப்பை மூடியிருந்தார்கள். பிறந்த நாளிலிருந்தே அவள் பெயரில் கோப்பு இருந்தது. திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். அவளுக்கு இல்லாமல் போனது நாள்தோறும் அவளைப் பார்க்கும் ஒரு பெரியவர். விசாரணை நடத்திய டெட் ஹியூஸும் வறுமை, வீடு, போதை என்ற வேர்களையும் முன்கூட்டிய உதவியையுமே வலியுறுத்தினார். நெல்சன் ஹவுஸ் முறையில் அந்தப் பெரியவர் வீட்டுக்குள்ளேயே படுத்து உறங்குகிறார். துன்புறுத்தியவரை வெளியேற்றுவது பிள்ளையை வெளியேற்றுவதைவிட எந்த விதத்திலும் குறைந்த பாதுகாப்பல்ல.

சின்ன ஊரில் எல்லாரும் சொந்தம். தலைவரின் தங்கை மகன் மீது புகார் வந்தால் யார் நடவடிக்கை எடுப்பார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. முடிவெடுப்பவர் சபைத் தேர்தலுக்குக் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும். மேல்முறையீடு வெளியாரிடம் போக வேண்டும். இதை எழுதி வைக்காத சமூகம் ஆபத்தில் இருக்கிறது. ஆனால் உறவு என்பது இங்கே வெறும் இடையூறல்ல. க்ரீ மொழியில் தாய் நிகாவிய்; தாயின் சகோதரி நிகாவிஸ். நாம் சின்னம்மா என்கிறோமே, அதே அமைப்பு. அப்படி ஒருத்தி வந்து தங்கினால் பிள்ளைக்கு அவள் வெளியாள் இல்லை. அவளையே வளர்ப்புத் தாயாகப் பதிவு செய்யப் போனால், வீட்டில் தனிப் படுக்கையறை இல்லை என்று மாகாண விதி பல நேரம் திருப்பி அனுப்பியிருக்கிறது. நெரிசலுக்குக் காரணமான வீட்டுப் பஞ்சமோ அவள் செய்ததல்ல.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்ப்லாட்சின் மக்கள் 1980-லேயே தங்கள் பிள்ளைகள் மீதான அதிகாரத்தைத் துணைவிதியாகவே இயற்றிக்கொண்டார்கள்; வான்கூவருக்கு ஊர்வலமும் போனார்கள். 2020-இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் அந்த உரிமையை எல்லாப் பூர்வகுடிகளுக்கும் உறுதி செய்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை முழுமையாக நிலைநிறுத்தியது. ஆக, சட்டம் இப்போது தடையில்லை; மிச்சமிருப்பது பணக் கேள்விதான். சஸ்காச்சுவானின் கவுசெஸ் சமூகம் தன் சட்டத்தின்கீழ் 2021-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 3.87 கோடி டாலர் தந்தது, ஆனால் இரண்டு ஆண்டுக்கு. 2024 அக்டோபரில், பத்தாண்டுக்கு 4,780 கோடி டாலர் தரும் சீர்திருத்த ஒப்பந்தத்தைப் பூர்வகுடித் தலைவர்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தபோது, இவ்வளவு பணத்தையா வேண்டாம் என்கிறார்கள் என்று வெளியே பலர் வியந்தார்கள். அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று, பத்தாண்டு முடிந்த பிறகு என்ன ஆகும் என்பது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் ஆண்டில் பிறக்கும் பிள்ளைக்கு அப்போது வயது பத்துதான். அந்தப் பிள்ளையின் வீட்டில் வந்து தங்கியிருக்கும் பாட்டிக்கு அடுத்த மாதப் படி எந்தத் தலைப்பில் வரும் என்பதை எந்த ஒப்பந்தமானாலும் சொல்லியாக வேண்டும்.