பாதியில் நின்ற படிப்பும் சட்டப் பட்டமும்

காஞ்சிபுரம் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்துவிடுகிறார்கள். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். அதனால் தறியில் நெசவாளருக்குப் பக்கத்திலேயே இன்னோர் ஆளும் உட்கார்ந்து கரை நாடாவை வீச வேண்டும். பல தலைமுறைகளாக அந்த இன்னோர் ஆள் பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளைதான். பட்டுத் தொழிலில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயரும் இருந்தது.

அரசும் தொண்டு நிறுவனங்களும் பாடுபட்டுப் பிள்ளைகளைத் தறியிலிருந்து பள்ளிக்கு அனுப்பின. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று 2016-ல் சட்டமும் இறுக்கப்பட்டது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவ அது இடம் தருகிறது. ஆனால் பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போய்விட்டால், அல்லது அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டால், படிப்பு நின்றுவிடுகிறது. பையன் ஒரகடம் தொழிற்சாலைகள் பக்கம் வேலைக்குப் போகிறான். பெண் தறிக்குத் திரும்புகிறாள், அல்லது கல்யாணப் பேச்சு தொடங்குகிறது.

இவர்களும் வழக்கறிஞராகலாம். அதற்கு முறையான வழி இருக்கிறது. அந்த வழியைச் சொல்லித்தரத்தான் ஊரில் ஆள் குறைவு.

வீட்டிலிருந்தே மேல்நிலைப் படிப்பு

தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ்., 1989-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு அமைப்பு. 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கும், பத்தாவது முடித்து 15 வயது நிறைந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இதில் சேரலாம். பதிவு ஆன்லைனில். பாடநூல்களும் காணொளி வகுப்புகளும் இணையத்திலேயே கிடைக்கின்றன. மத்திய அரசின் ‘ஸ்வயம்’ இணையத் தளத்திலும் இதன் பாடங்கள் உண்டு. தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தறியில் பாவு முடிகிற காலம், திருவிழாக் காலம் பார்த்து, ஒரு முறைக்கு இரண்டு பாடம் என்றுகூட எழுதி முடிக்கலாம்.

இந்த நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பில் ‘சட்ட அறிமுகம்’ என்று ஒரு தனிப் பாடமே வைத்திருக்கிறது. பாட எண் 338. சி.பி.எஸ்.இ.யிலும் சட்டவியல் பாடம் இருக்கிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இதற்கு நெருங்கி வருவது அரசியல் அறிவியல். சட்டம் படிக்க நினைப்பவர் என்.ஐ.ஓ.எஸ்.ஸில் ஆங்கிலம், சட்டம், அரசியல் அறிவியல், வரலாறு, பொருளாதாரம் என்று எடுத்தால், கல்லூரியின் முதல் ஆண்டில் கேட்கப்போகும் சொற்கள் பாதி முன்பே பழகிவிடும்.

தவறவிடக் கூடாத விதிகள்

முதல் விதி மதிப்பெண். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் 33 சதவீதம் எடுத்தால் பாஸ். ஆனால் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர இந்தியப் பார் கவுன்சில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு பொதுப் பிரிவுக்கு 45, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம். பாஸானால் போதும் என்று படித்தவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

இரண்டாவது, படிப்பின் வரிசை. தொலைநிலை வழியில் பன்னிரண்டாவது முடித்தவர்களும் சட்டம் படிக்கத் தகுதியுடையவர்களே என்று பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆனால் அடிப்படைத் தகுதி எதுவும் இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து சான்றிதழ் வாங்கியவர்களை அதே விதிகள் ஏற்பதில்லை. பத்து, பன்னிரண்டு என்று படிப்படியாக ஏறியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது என்.ஐ.ஓ.எஸ். விதி.

மூன்றாவது, சட்டப் பட்டத்தை அஞ்சல் வழியில் வாங்க முடியாது. பள்ளிப் படிப்பு ஆன்லைனில் இருக்கலாம், எல்.எல்.பி.க்குக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். ‘தபாலில் சட்டப் பட்டம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் ஏமாறாதீர்கள். அதை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது.

நான்காவதைப் பெற்றோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2021-ல் வந்தது. சட்டப் படிப்பும் அதில் அடங்கும். கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆகவே அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை எக்காரணம் கொண்டும் ஆன்லைன் பள்ளிக்கு மாற்றாதீர்கள். திறந்தநிலைப் பள்ளி, படிப்பு ஏற்கெனவே அறுந்துபோனவர்களுக்கான வழி. ஓடிக்கொண்டிருக்கும் வகுப்புக்கு அது மாற்று ஆகாது.

எங்கே சேரலாம்?

செங்கல்பட்டில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. 1891-ல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி 2018-ல் உயர் நீதிமன்ற வளாகத்தைவிட்டு வெளியேறியபோது, அதன் ஒரு பகுதி புதுப்பாக்கத்துக்கு வந்தது. இரண்டுமே காஞ்சிபுரத்துக்கு அதிகத் தொலைவில் இல்லை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள இந்தக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு.

திருச்சியிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் ‘கிளாட்’ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். நீண்ட பத்தி ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து கேட்பார்கள். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். மனப்பாடம் இங்கே உதவாது. படித்ததைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்குக் காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற பெயரை, அதற்குரிய பகுதியில் தயாரித்துப் பதிவு செய்த பயனாளிகள் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது சட்டம். வேறு ஊரில் விசைத்தறியில் ஓட்டிய சேலையை ஒரு கடைக்காரர் ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று சீட்டு ஒட்டி விற்கிறார். விலை குறைவு, வாங்கியவருக்கும் வருத்தம் இல்லை. குற்றம் நடந்ததா? ‘வாங்கியவரே சும்மா இருக்கும்போது யாருக்கு நஷ்டம்?’ என்று தோன்றும். ஆனால் சட்டம் காப்பது வாங்குகிறவரின் திருப்தியை மட்டுமா, பெயருக்கு உரியவரின் உரிமையையுமா? விதியைத் தனியாகவும் நடந்ததைத் தனியாகவும் வைத்துப் பொருத்திப் பார்ப்பதுதான் சட்டத் தர்க்கம். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் சொன்னதையும் சேர்த்துப் படித்தால், வீட்டுத் திண்ணையில் பேசுகிற விஷயமே பாடமாகிவிடும்.

மற்றவற்றுக்கு இணையம் கைகொடுக்கிறது. உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை 2022 செப்டம்பர் முதல் நேரலையில் பார்க்கலாம். தீர்ப்புகள் பல தமிழிலும் வருகின்றன. ஆனால் திரை மட்டும் பார்த்து வழக்கறிஞராக முடியாது. வாரம் ஒரு பக்கமாவது சொந்தமாக எழுத வேண்டும். எழுதியதை நாலு பேர் முன்னால் பேச வேண்டும். ஒரு நாளாவது ஊர் நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நம் நீதிமன்றக் கதவுகள் பொதுவாக எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன.

ஊர் செய்ய வேண்டியது

இதே ஊரில் 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, குடும்பக் கஷ்டத்தால் பள்ளிப் படிப்பை நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர். மீண்டும் படிக்கப் போனார். 1967-ல் முதலமைச்சராகி, சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார். படிப்பு நடுவில் நின்றது அவருக்குத் தடையாகவில்லை.

பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் வழக்கறிஞர் சங்கமும் மாவட்ட நூலகமும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வழிகாட்டி மேசை போட்டால் போதும். என்.ஐ.ஓ.எஸ். பதிவுக்கு ஒரு கணினி, விதிகளை விளக்க ஓர் இளம் வழக்கறிஞர், ஆங்கிலம் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். செலவு பெரிதல்ல.

கூலி பாக்கிக்கும் போலிப் பட்டுக்கும் வழக்காட, தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த வழக்கறிஞர்கள் இந்த ஊருக்கு வேண்டும். உங்கள் தெருவில் பத்தாவதோடு நின்றுபோன பிள்ளை இருந்தால், இந்தக் கட்டுரையை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.