பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை ரிப்பேர் செய்தால் சவுண்ட் நிஜமாகவே கூடுமா?

புனேயில் புதனும் ஞாயிறும் கூடும் ஜுனா பஜாரில் பழைய சாமான்களைக் கிளறினால், அலுமினிய முகப்பும் பெரிய வால்யூம் குமிழும் வைத்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று கையில் சிக்கலாம். ஊரில் அப்பா வாங்கிவைத்த சோனோடைனோ காஸ்மிக்கோ பரணில் தூங்கிக்கொண்டிருக்கலாம். எடுத்துத் துடைத்ததும் யாராவது ஒருவர் சொல்வார்: "கெபாசிட்டர் எல்லாத்தையும் மாத்திட்டா போதும், சவுண்ட் சும்மா அள்ளும்!"

இது பாதிதான் உண்மை. ரிப்பேர் என்பது அந்த மெஷினை அது புதிதாக இருந்த நிலைக்குக் கொண்டுபோவது. புதிதாக இருந்தபோதே அதனிடம் இல்லாத ஒன்றை ரிப்பேரால் கொண்டுவர முடியாது.

உள்ளே என்ன கெட்டுப்போகிறது?

முதலில் வயதாவது எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களுக்கு. அவற்றுக்குள் இருக்கும் திரவம் மெல்ல மெல்லக் காய்ந்துபோகும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இதற்கான பொதுவான கணக்கு.

85 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கெபாசிட்டர், 45 டிகிரியில் சுமார் 32,000 மணி நேரம் தாங்கும். தினம் 3 மணி நேரம் பாட்டு கேட்டால் 29 வருஷம். 1980-களில் வாங்கிய ஆம்ப் என்றால் அந்தக் கெடு ஏற்கெனவே முடிந்திருக்கும். ஓடாமல் பரணில் கிடந்தாலும் கெபாசிட்டருக்கு வயதாகத்தான் செய்யும்.

அடுத்தது வால்யூம் கண்ட்ரோல், சுவிட்ச், ரிலே ஆகியவற்றின் தொடுமுனைகள். தூசியும் ஈரப்பதமும் சேர்ந்து அவற்றில் படலம் கட்டிவிடும். டிரான்சிஸ்டர்கள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை.

ரிப்பேருக்குப் பிறகு காதில் என்ன மாறும்?

பழுது இருந்த இடத்தில் மாற்றம் தெளிவாகத் தெரியும். வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகர சத்தம், தொடுமுனைகளைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போய்விடும். பாட்டு ஓடாதபோதும் கேட்கும் உறுமல், பவர் சப்ளை கெபாசிட்டரை மாற்றினால் அடங்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த உறுமல் 100 ஹெர்ட்ஸில் வரும். ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் மங்கலாக ஒலித்தால் ரிலேவையோ சுவிட்சையோ சந்தேகிக்கலாம்.

இந்தக் குறைகள் எதுவுமே இல்லாத ஆம்பில் எல்லா பார்ட்ஸையும் மாற்றினால்? பெரிதாக ஒன்றும் தெரியாது. அதன் ஆயுள் மட்டும் கூடும்.

"எனக்கு வித்தியாசம் தெரியுதே?"

தெரியும்தான். காசு செலவழித்து, ஒரு வாரம் காத்திருந்து கேட்கிறோம். மனசு ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. போதாததற்கு, சத்தம் ஒரு துளி கூடினாலே அதை 'தரம் கூடிவிட்டது' என்று காது எடுத்துக்கொள்ளும்.

1987 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. சுமார் 220 டாலர் ரிசீவர் முதல் 12,000 டாலர் வால்வ் ஆம்ப் வரை எடுத்துக்கொண்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல், சத்த அளவைச் சமமாக்கிக் கேட்கவைத்தார்கள். கேட்டவர்களால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லா ஆம்பும் ஒன்றுதான் என்று இதற்கு அர்த்தமில்லை. நல்ல நிலையில் இருக்கும் ஆம்புகளை அவற்றின் சக்திக்குள் ஓட்டினால், வித்தியாசம் நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது.

வாட்ஸ் கூடினால்?

வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற சுமார் 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். 1 வாட்டில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 20 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 101 டெசிபல் தரும். ஃபிளாட் ஹாலுக்கு அது தாராளம்; பக்கத்து வீட்டு ஆஜி கதவைத் தட்டிவிடுவார். 1978-ல் வந்து பெயர் வாங்கிய நாட் 3020 ஆம்பே சேனலுக்கு 20 வாட்ஸ்தான்.

அப்படியென்றால் ரிப்பேர் எதற்கு?

முதல் காரணம் பாதுகாப்பு. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால், உள்ளே இருக்கும் 35 வோல்ட் டிசி, பாதுகாப்பு ரிலே இல்லாத ஆம்பில் நேராக ஸ்பீக்கருக்குப் போகலாம். 8 ஓம்ஸ் ஸ்பீக்கரில் அது சுமார் 150 வாட்ஸ் வெப்பம். வாய்ஸ் காயில் கருகிவிடும். ஆம்பைவிட ஸ்பீக்கர் விலை அதிகம் என்றால், இந்த ரிப்பேர் அதற்கான இன்ஷூரன்ஸ் மாதிரி.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

புனேயில் எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் என்றால் புதவார் பேட்டையின் தாப்கீர் கல்லி. அங்கே போகும் முன் சில விஷயங்கள்:

• பின்பக்க வோல்டேஜைப் பாருங்கள். ஜப்பானில் விற்ற செட் 100 வோல்ட், அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கதை முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

• பல வருஷம் ஓடாத செட்டை நேராக பிளக்கில் செருகாதீர்கள். சீரிஸ் பல்ப் வழியாக முதலில் ஆன் செய்யும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

• நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும்.

• "சவுண்ட் நல்லா ஆக்குங்க" என்று சொல்லாதீர்கள். "உறுமல் வருது, இடது பக்கம் கட் ஆகுது" என்று குறையைச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஸ்பீக்கர் முனையில் டிசி எவ்வளவு என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை.

• மாற்றிய பழைய பார்ட்ஸைத் திருப்பி வாங்குங்கள். பிரபலமான டிரான்சிஸ்டர்களில் போலிகள் நிறைய உலவுகின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் சவுண்ட் போதவில்லையா? மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். அதற்கும் முன்னால், செலவே இல்லாமல் ஒன்று செய்து பார்க்கலாம்: ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து இரண்டு அடி முன்னால் இழுத்து, ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி வையுங்கள். ஒரு டஜன் கெபாசிட்டர் மாற்றுவதைவிட இதில் வித்தியாசம் அதிகம் கேட்கும்.