நம் மலையைப் படிக்கக் கற்றுத்தந்த பேராசிரியர் ஹட்சிசன்

சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா வழியாகக் கோலா கிளாவாங் வருபவர்கள் வளைவுகளை எண்ணுவார்கள். சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் தெரியும் கருங்கல்லையும் செம்மண்ணையும் நின்று பார்ப்பவர்கள் குறைவு. தமிழ் படித்த எனக்குக் குறிஞ்சி நிலத்தின் தெய்வமும் பூவும் பறையும் மனப்பாடம். ஆனால், அந்த மலை எந்தக் கல்லால் ஆனது என்று எந்த வகுப்பிலும் பேச்சு வந்ததில்லை.

அந்தப் பேச்சையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் பேராசிரியர் சார்ல்ஸ் ஹட்சிசன். ஸ்காட்லாந்துக்காரர். இளம் வயதில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கு வந்து, 1992இல் ஓய்வுபெறும் வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு கற்பித்தார். 2011இல் காலமானார்.

கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால், அதாவது தலைமுடியைவிட மெல்லியதாக்கினால், அதனுள் ஒளி புகும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறக் கல்லுக்குள் வண்ணங்கள் தெரியும். அவற்றை வைத்து எந்தத் தாது என்று சொல்லிவிடலாம். இந்த ஆய்வுக்கூட வேலைக்கென்றே அவர் 1974இல் ஒரு கைநூல் வெளியிட்டார். கல்லை எப்படி அறுப்பது, தேய்ப்பது என்றெல்லாம் உட்கார்ந்து எழுதப் பெரிய பேராசிரியர்கள் பலருக்குப் பொறுமை இருக்காது. இவருக்கு இருந்தது. அவரை நல்லாசிரியர் என்று சொல்ல எனக்கு இது ஒன்றே போதும்.

சரி, நம் மலைக்கு வருவோம். தீபகற்ப மலேசியா ஒரு காலத்தில் இரண்டு தனி நிலங்களாக இருந்தது. இடையில் கடல் இருந்தது. அந்தக் கடல் மூடி, இரு நிலங்களும் மோதி ஒட்டிய தழும்புதான் பெந்தோங் – ராவுப் கோடு. அது பகாங்கிலிருந்து நெகிரி செம்பிலான் வழியாகத் தெற்கே இறங்குகிறது. அந்தக் கோட்டில் கிடைக்கும் பழைய கடலடிப் பாறைகளின் பொருளை 1970களில் எடுத்துச் சொன்னவர்களில் ஹட்சிசன் முக்கியமானவர்.

மோதலின்போது ஆழத்தில் உருகிய பாறை, சுமார் 200 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் மெல்லக் குளிர்ந்து கருங்கல்லாயிற்று. அதுவே திதிவங்சா மலைத்தொடர். அப்போது வெளியேறிய சூடான நீர் ஈயத்தைக் கல்லின் விரிசல்களில் படியவைத்தது. பிறகு மழையும் ஆறும் அதைப் பள்ளத்தாக்குகளுக்கு அடித்து வந்தன. நம் பெரியவர்கள் ‘லம்பம்’ என்று சொல்லும் ஜெலுபு ஈயச் சுரங்கங்களின் கதை அங்கே தொடங்குகிறது.

ஓய்வுபெற்று 17 ஆண்டுகள் கழித்தும் அவர் பேனாவை வைக்கவில்லை. தீபகற்ப மலேசியாவின் நிலவியல் பற்றிய பெருநூலை 2009இல் டெனிஸ் தானுடன் இணைந்து தொகுத்தார். அதில் நில அமைப்பு பற்றிய அத்தியாயத்தை எழுதியவர், அதே துறையில் கற்பித்த பேராசிரியர் ஜே. கே. ராஜ்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கருங்கல் மழையில் உளுத்தால் மண்ணாகும். சரிவில் அந்த மண் நீர் குடித்தால் இறங்கும். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். சரிவைப் பார்த்து முன்கூட்டியே எச்சரிக்கத் தெரிந்தவர்கள் நாட்டுக்கு வேண்டும். நிலவியலாளர்களைப் பதிவு செய்யவென்றே 2008இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது.

மருத்துவம், சட்டம் என்று மட்டுமே யோசிக்கும் நம் வீடுகளில் இத்துறையின் பெயர் அரிதாகவே காதில் விழுகிறது. அறிவியல் பிரிவில் எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் முடிக்கும் பிள்ளைகள் மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், சபா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நிலவியல் படிக்கலாம்.